பனங்காட்டுல தீப்பிடிச்சா ஊர்ப் பசங்க இறங்கலாமா, வண்டி வர்ற வரைக்கும் நிக்கணுமா?

கேள்வி, பிப்ரவரி 22

காட்டுத்தீன்னா குரங்கணி, கொடைக்கானல்னு மலைப்பக்கம் வர்றது. நம்ம ராமநாதபுரம் கடக்கரையில மணலும் பனையும் சீமைக்கருவையும் தான் இருக்கு. இங்க எதுக்கு தன்னார்வ தீயணைப்புக் குழுன்னு பசங்களச் சேத்து, வாட்ஸ்அப் குரூப் வச்சு, அடையாள அட்டை அடிச்சுக் குடுக்குறீங்க? போன் பண்ணுனா தீயணைப்பு வண்டி வந்துட்டுப் போகுது. ஒரு பையனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?

பிப்ரவரி 22, ராத்திரி

கடைசி வரி நியாயமான கேள்வி, அதுக்கு வாரேன். மேல சொன்னதெல்லாம் நீங்க பங்குனி சித்திரையில ஊருக்கு வராத ஆளுன்னு காட்டுது.

கடல் பக்கத்துல இருக்கு, தீ வராதுன்னு நெனப்பு போல. நம்ம பக்கம் மழைன்னா ஐப்பசி கார்த்திகை தான், மார்கழியோட முடிஞ்சிரும், தை பொறந்தா புல்லு காய ஆரம்பிச்சிரும். மாசிக் கடைசியில நரிப்பையூர், கன்னிராஜபுரம் பக்கம் பனங்காட்டுக்குள்ள ஒரு நட நடந்து பாருங்க, வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கீழ நொறுங்குற சத்தம் கேக்கும். காஞ்ச புல்லு, விழுந்த மட்டை, மட்டையடியில வலை மாதிரி இருக்குற பன்னாடை நாரு, இடையில கருவை முள்ளு. மலையில சருகு எரியுது, இங்க ஓலை எரியுது. சருகாச்சும் தரையில கெடக்கும், ஓலை மரத்து மேலயும் இருக்கு.

வண்டி வருது, இல்லேங்கல. தீயணைக்குறவங்க மேல எனக்கு ஒரு கொறையும் கிடையாது. ஆனா அவங்க நிலையத்துலருந்து கெளம்பி, மெயின் ரோட்டுல வந்து, எந்த மண்ரோடுன்னு தேடி, மணல்ல டயர் பொதையாம உள்ள வரணும். காத்து நாளா இருந்தா அதுக்குள்ள ஒரு தோப்பு போயிரும். வண்டிக்கு வேலை இல்லைன்னு நான் சொல்லல, வண்டி வர்றதுக்கு முன்னாடி இருக்குற நேரம் யாரோடதுன்னு தான் கேக்குறேன்.

பிப்ரவரி 23

அட்டை பத்தி: அத அடிச்சது பிரஸ் வச்சிருக்குற மாப்ள ஒருத்தரு, ஓசியில, எங்களக் கேக்காம. "தீயணைப்பு வீரர்"னு போட்டு என் பழைய கல்யாணப் போட்டோவ ஒட்டிக் குடுத்துருக்காரு. டோல்கேட்டுல காட்டுனா விடுவாங்களான்னு ஒருத்தன் கேட்டான். அதோட அட்டை எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டேன்.

பிப்ரவரி 24

"எங்க அப்பா காலத்துல இப்படியெல்லாம் எரியலயே"ன்னு ஒருத்தர் போட்டுருக்காரு. ஆமா, எரியல. ஏன்னா காவோலை, அதான் காஞ்ச ஓலை, மரத்துல நிக்கல.

பனையேறி இருந்த வரைக்கும் வருசா வருசம் பனை கழிப்பாங்க. காவோலைய அறுத்துப் போட்டா வேலிக்கு ஆச்சு, கூரைக்கு ஆச்சு, மிச்சம் பதனி காய்ச்சுற குடிசை இருக்கே விடிலி, அங்க அடுப்புக்குப் போயிரும். தரையில விழுந்த மட்டையக்கூட பொம்பளைங்க வெள்ளன பொறக்கிட்டுப் போயிருவாங்க, ஒரு குச்சி மிஞ்சாது. இப்ப ஏற ஆளு இல்ல, இருக்குற ஒண்ணு ரெண்டு பேருக்கும் பதனி இறக்குற மரத்துக்கே நேரம் பத்தல. வீட்டுக்கு வீடு சிலிண்டரு, வீடு காங்கிரீட்டு. யாரும் ஏறாத பனை பூரா காவோலைய மரத்தச் சுத்திப் பாவாட மாதிரி கட்டிக்கிட்டு தரை வரைக்கும் நிக்குது. புல்லுல முழங்காலு உசரத்துக்கு வர்ற தீ, அதப் புடிச்சு ஏறுனா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கொண்டையில நிக்கும். கொண்டையில நின்னா அப்புறம் கொப்பு வச்சு அடிக்கவா முடியும்.

காவோலையப் பாத்து குருத்தோல சிரிச்சுச்சாம்னு சொல்லுவாங்க. நம்ம ஊருல காவோலை எரியும்போது குருத்தும் சேந்து வேகுது.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், நெறைய பேரு எரிஞ்ச பனையப் பாத்தவொடனே செத்துருச்சுன்னு நெனைச்சு ஆளாளுக்கு மரத்துக்கு விலை பேச வந்துர்றாங்க. வேம்பு, மாமரம்னா பட்டைக்கு அடியில தான் உயிரு ஓடுது, சுத்தி வெந்துட்டா போச்சு. பனை அப்படி இல்ல, தண்ணி ஏத்துற நரம்பு தண்டு முழுக்க செதறிக் கெடக்கு, வெளிய கரியாகி நின்னாலும் உள்ள ஏத்தும். உச்சியில குருத்து வேகாம இருந்தா மழைக்கு அப்புறம் புது ஓலை விடும். அதனால ஒரு கார்த்திகை பாக்காம வெட்டாதீங்க. 2021 வேளாண் பட்ஜெட்டுல பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு சொன்னாங்க, நல்லது தான். எரிய விடுறதுக்கு தான் யாரும் அனுமதி கேக்குறதில்ல.

பிப்ரவரி 27

மலைப்பக்கம் எப்படி பண்றாங்கன்னு கேட்டதால இது. என் சித்தப்பா மகன் ஒருத்தன் மெல்பர்ன்ல இருக்கான், டாண்டனாங்னு ஒரு மலை இருக்காம், அதோட அடிவாரத்துல வீடு. கம்ப்யூட்டர் வேலை, ஆனா அங்க தீயணைப்புல சேந்துருக்கான். சம்பளம் கிடையாது. சி.எஃப்.ஏ.ன்னு பேரு, கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி, ஆஸ்திரேலியாவுல அந்த விக்டோரியா மாநிலத்துல டவுன் தாண்டுனா தீ அணைக்க வர்றது பெரும்பாலும் இந்த மாதிரி சம்பளமில்லாத ஆளுங்க தான், பேக்கரிக்காரரு, வாத்தியாரு, பிளம்பருன்னு. இடுப்புல பேஜர் அடிச்சா கைவேலையப் போட்டுட்டு ஷெட்டுக்கு ஓடணும். ஆனா சேந்தவொடனே தீகிட்ட விட மாட்டாங்களாம், மொதல்ல பயிற்சி, பாஸானா தான் வண்டியில ஏறலாம். அவன் மொதல்ல கத்துக்கிட்டது ஓஸ் பைப்பு புடிக்கிறது இல்ல, எப்ப ஓடணும்ங்கிறது.

அவன் சொன்னதுல மூணு சங்கதி எனக்கு மண்டையில நிக்குது.

ஒண்ணு, மலையில தீ மேல்நோக்கி ஓடும், பத்து டிகிரி சரிவு கூடுனா வேகம் ரெட்டிப்பாகும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அதனால தீக்கு மேல நிக்கவே கூடாது. நமக்கு மேடும் இல்ல பள்ளமும் இல்ல, நம்மகிட்ட அந்த வேலைய காத்து பாக்குது.

ரெண்டு, அங்க நெறைய வீடு எரியுறது தீ நேரா வந்து இல்ல, முன்னாடியே பறந்து வர்ற கங்குல. கூரை ஓரத்துல தண்ணி வடியுற தகரத்துல சருகு கெடந்தா அதுல விழுந்து பத்திக்கும். கோடைக்கு முன்னாடி ஏணி போட்டு அதக் கூட்டுறது தான் அங்க பெரிய வேலையாம். நமக்கு சருகுக்குப் பதிலா பன்னாடை. எரியுற பன்னாடை ஒண்ணு காத்துல எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும்.

மூணாவது தான் முக்கியம். 1998 டிசம்பர்ல லின்டன்னு ஒரு ஊருகிட்ட அஞ்சு தன்னார்வலர் ஒரே வண்டியில செத்தாங்க. தண்ணி ரொப்பப் போற வழியில காத்து திரும்பிருச்சு, பக்கவாட்டுல பைய எரிஞ்சுக்கிட்டு இருந்த ஓரம் அப்படியே தீ முன்னேறுற முகமா மாறி அவங்க மேல வந்துருச்சு, டேங்குல அவங்களக் காப்பாத்திக்கிற அளவுக்கு தண்ணி இல்ல. அதுக்கு அப்புறம் டேங்கு காலியாகுற வரைக்கும் அடிக்கக் கூடாது, கடைசித் தண்ணி வண்டியில இருக்குற ஆளுகளுக்குன்னு விதியே வச்சிட்டாங்க. 1983 பிப்ரவரியில சாம்பல் புதன் தீன்னு சொல்றாங்களே, அதுலயும் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டுல 12 தன்னார்வலர் போனது காத்து மாறுனதுல தான். அதே மாநிலத்துல 2009 பிப்ரவரி 7ல எரிஞ்ச தீயில 173 பேரு செத்தாங்க, அன்னிக்கும் சாயந்தரம் காத்து திரும்பித்தான் ஓரத்துத் தீ முகமாச்சு.

நம்ம கடக்கரையில காத்து தெனமும் திரும்புது, தெனமும். காலையில கரையிலருந்து, மதியத்துக்கு முன்னாடி கடல்லருந்து.

மார்ச் 1

"அவன் பணக்கார நாடு, உங்ககிட்ட என்ன இருக்கு"ன்னு கிண்டல்.

இருக்குறத சொல்றேன். மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர், முதுகுல மாட்டுறது, சில வீட்டுல சும்மா தொங்குது. டிராக்டரோட தண்ணி டேங்கர் ஒண்ணு, குடிதண்ணி ஓட்டுறவரு குடுப்பாரு, ஒரு ஆயில் இன்ஜின நான் மாட்டிக் குடுத்துருக்கேன், அடிக்கும். மண்வெட்டி எல்லாரு வீட்டுலயும் இருக்கு. சாக்கு இருக்கு. வேப்பங்கொப்பு வெட்டுனா வருது. புல்லுத்தீக்கு இதுவே பெருசு, பச்சைக் கொப்ப ஓங்கி அடிக்கக் கூடாது, ஓங்குனா பொறி தெறிச்சு பின்னால விழும், தீ மேல வச்சு அமுக்கி எரிஞ்ச பக்கமா இழுக்கணும். எங்க அய்யாவுக்கு இது தெரிஞ்சிருந்துச்சு, யாரும் பயிற்சி குடுக்கல.

இல்லாததையும் சொல்றேன். ஷூ இல்ல. கருவை முள்ளு செருப்ப ஏறி வெளிய வரும், அந்த முள்ளுக் காட்டுல அவசரமா ஓடணும்னா செருப்போட முடியாது. அப்புறம் பசங்க போட்டுருக்குற சட்டை. கபடி டீம் ஜெர்சி, பேரு முதுகுல, நம்பரு கீழ, அத்தனையும் பாலியஸ்டர். சூடு பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். வெள்ளைக் காட்டன் முழுக்கை சட்டை வீட்டுல அப்பாட்ட இருக்கும், அதப் போட்டுட்டு வாங்கடான்னா மானம் போகுதாம்.

மார்ச் 2

கடல் தண்ணி அடிக்கலாமான்னு ரெண்டு பேரு. தீக்கு உப்பு தெரியாது, கப்பல்ல தீப்பிடிச்சா கடல் தண்ணியத் தான் அடிக்கிறாங்க. மெக்கானிக்கா சொல்றேன், அடிச்ச அன்னிக்கே பம்ப நல்ல தண்ணி விட்டுக் கழுவலைன்னா இம்பெல்லரு அரிச்சு அடுத்த தீக்கு ஸ்டார்ட் ஆகி சும்மா சுத்தும், தண்ணி வராது. தோப்புக்குள்ள ஊத்துனா மண்ணும் கெடும். கரை ஓரமா, வேற வழி இல்லைன்னா அடிக்கலாம். ஊருணி தண்ணியத் தொடுறதுக்கு முன்னாடி ஊருல ஒரு வார்த்தை சொல்லிருங்க, நம்ம மாவட்டத்துல தண்ணிக்கு நடக்குற சண்டை தீய விடப் பெருசு.

மார்ச் 4

மண்ணு! மண்ணப் பத்தி எழுதவே இல்ல. நம்மகிட்ட கொள்ளையா இருக்குறது அது தானே. ஈரமில்லாத மணலும் கங்கு மேல போட்டு மூடுனா மூச்ச அடைக்கும். தோப்பச் சுத்தி மண்வெட்டியால ரெண்டு ஆளு அகலத்துக்கு புல்லச் செதுக்கி விட்டா புல்லுத்தீ அங்கயே நிக்கும், காத்து ரொம்ப இல்லைன்னா. மலையில வனத்துறை தை மாசியில போடுற தீத்தடுப்புக் கோடு இதே தான், அவங்களுக்கு அது மைல் கணக்குல. நமக்கு ஒரு தோப்புக்கு ரெண்டு நாள் வேலை.

எதிர்த்தீ வைக்கலாமான்னு கேட்டவருக்கு: வேணாம். முழுசா தெரிஞ்ச ஆளு பக்கத்துல இல்லாம வேணவே வேணாம். அதப் பத்தி மேல பேசல.

மார்ச் 11

இன்னிக்குத் தேதி பாத்தவொடனே ஞாபகம் வந்துச்சு. 2018ல இதே நாள், குரங்கணி. கொழுக்குமலையிலருந்து எறங்குன மலையேற்றக் கூட்டம் தீக்குள்ள மாட்டுச்சு, ஆஸ்பத்திரியில செத்தவங்களையும் சேத்தா இருபதுக்கு மேல. ஆளு உசரப் புல்லு, சரிவு, காத்து. மேலயும் ஓட முடியல, கீழயும் முடியல.

மொதல்ல போய் மேல கெடந்தவங்களத் தூக்கிட்டு வந்தது யாருன்னு அந்த நேரத்துச் செய்திய திருப்பிப் பாருங்க, அந்த மலை ஊரு ஆளுங்க. கம்புல போர்வையக் கட்டித் தூக்குனாங்க. அவங்களுக்கு யாரும் அட்டை அடிச்சுக் குடுக்கல. எங்க தீ வந்தாலும் மொதல்ல பக்கத்து வீட்டுக்காரன் தான் ஓடப் போறான், நீங்க குழு வச்சாலும் வைக்கலைனாலும். தெரிஞ்சுக்கிட்டு ஓடட்டுமேங்கிறது தான் என் கட்சி.

மார்ச் 19, ராத்திரி

இன்னிக்கு எரிஞ்சிருச்சு. வெரல்ல கொப்புளம், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

காலையில பத்து மணி வாக்குல ஒரு போட் இன்ஜினப் பிரிச்சுப் போட்டு உக்காந்துருந்தேன், ரோட்டுக்குத் தெக்க வெள்ளப் புகை. வெள்ளைன்னா புல்லு, இன்னும் மரத்துல ஏறல. 101க்கு மொதல்ல போன். எந்த இடம்னு சொல்றது தான் எப்பவும் தகராறு, "பனங்காடு"ன்னா இந்த மாவட்டமே பனங்காடு. கோயில், பக்கத்து மண்ரோடு, எதிர்த்த ஐஸ் கம்பெனின்னு மூணு அடையாளம் சொல்லிட்டு, ஒரு பையன பைக்க குடுத்து மெயின் ரோட்டு விலக்குல நிக்க வச்சேன், வண்டி வந்தா கூட்டிட்டு வர. இன்னொருத்தன் லைன்மேனுக்கு அடிச்சு லைன ஆஃப் பண்ணச் சொன்னான், தோப்பு மேல கம்பி போகுது, கம்பி உசிரோட இருக்கும்போது தண்ணி அடிச்சா தீயில சாகுறதுக்கு முன்னாடி கரண்டுல சாகணும்.

காத்து வடக்கருந்து, கரைக்காத்து, லேசா. தீ தெக்க கடலப் பாத்துப் போகுது. பசங்க ரெண்டு பிரிவா கெழக்க மேக்க ஓரமா கொப்போட நின்னு அணைச்சுக்கிட்டே போறாங்க, எல்லாம் ஒழுங்கா தான் போச்சு, மேக்க நின்னவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டுக்கூட இருந்தாங்க.

இங்க தான் ஒரு ஆளப் பத்தி சொல்லணும். வல்லம்ங்கிற படகுல போன பழைய ஆளு, பெரியப்பா மொற, இப்ப கடலுக்குப் போறதில்ல. அவருக்கு கொப்பும் குடுக்கல, மண்வெட்டியும் குடுக்கல, ஒரு விசில் மட்டும் குடுத்து மேட்டு மணல்ல நிக்க வச்சிருந்தோம். மனுசன் தீயப் பாக்கவே இல்ல. கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. தூரத்துல தண்ணி கருத்து சுருக்கம் விழுகுறது தெரிஞ்சவொடனே விசில் அடிச்சாரு, அந்தக் காத்து கரைக்கு வந்து சேர கொஞ்ச நேரம் இருந்துச்சு. அந்தக் கொஞ்ச நேரம் தான். மேக்க நின்ன பசங்கள எரிஞ்சு முடிஞ்ச கரி மேல வரச்சொல்லிக் கத்துனோம். ஒருத்தன் மட்டும் வெளிப்பக்கமா, புல்லுக்குள்ள ஓடப் பாத்தான், பக்கத்துல நின்னவன் சட்டையப் புடிச்சு உள்ள இழுத்துட்டான்.

தென்கிழக்க இருந்து கடக்காத்து வந்துச்சு. மேக்க ஓரம் அப்படியே எந்திரிச்சு வடமேக்க ஊரப் பாத்து நடக்க ஆரம்பிச்சிருச்சு. நாங்க கரி மேல நிக்கிறோம், முகத்துல அனலு, காலுக்கு அடியில செருப்பையும் மீறி சூடு, பத்தடி தள்ளி அவங்க நின்ன இடத்துல ஒரு பனை காவோலையப் புடிச்சு ஏறுது, சரசரசரன்னு ஒரு சத்தம், அப்புறம் கொண்டையில பொசுக்குன்னு வெடிச்ச மாதிரி. வெள்ளப் புகை கறுப்பாச்சு.

பன்னாடை பறந்து போயி விடிலி கூரையில உக்காந்துச்சு. அங்க இருந்தது பொம்பளைங்க தான். நனைச்ச சாக்க ஏற்கெனவே கூரையில விரிச்சு வச்சிருந்தாங்க, அது எங்க ஐடியா இல்ல, அவங்களா பண்ணுனது. ஒரு ஓரத்துல மட்டும் பத்திருச்சு, ஒரு அக்கா கையில கெடச்ச பானையத் தூக்கி ஊத்திருச்சு. ஊத்துனதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, பதனி. அணைஞ்சிருச்சு. கூரை பூரா கருப்பட்டி வாசம், எறும்பு நாளைக்கு வரும்.

டேங்கரு டிரைவர் தண்ணி கொஞ்சம் தான் இருக்கு, அடிச்சு முடிச்சிட்டு ரொப்பிட்டு வாரேன்னாரு. அடிக்காதீங்கண்ணே, வச்சிக்கிட்டே ரோட்டுக்குப் போங்கன்னு சொன்னேன், கோவம் அவருக்கு. எரியுது, தண்ணி இருக்கு, அடிக்காதன்னா என்னடா அர்த்தம்னாரு. லின்டன் கதைய அந்த நேரத்துல எப்படிச் சொல்றது.

வண்டி வந்துச்சு. ரோட்டு விலக்குல பையன் நின்னதால நேரா வந்துட்டாங்க. ஊருக்கு இந்தப் பக்கம் செதுக்கி வச்சிருந்த கோட்டுல நின்னு அடிச்சாங்க, நின்னுருச்சு.

மார்ச் 20

விடியக்காலம் மறுபடி புகை. எதிர்பாத்தது தான். பனை மட்டைக்கு அடியிலயும் கருவை வேருக்குள்ளயும் கங்கு போயி உக்காந்துக்கிச்சுன்னா நீறு பூத்து கெடக்கும், மேல பாத்தா சாம்பல். பொறங்கைய மண்ணுக்குக் கிட்ட கொண்டு போயி சூடு பாத்துப் பாத்து, தோண்டி, தண்ணி விட்டு, கெளறி, மறுபடி விட்டோம். இந்த வேலைக்கு வர நேத்து இருந்த கூட்டத்துல பாதி இல்ல. வீடியோ எடுக்க வந்தவங்க ஒருத்தரும் இல்ல.

மார்ச் 20, சாயந்தரம்

வீடியோ பத்தி கேக்காதீங்க. தீய முதுகுப்பக்கம் வச்சுக்கிட்டு ஒருத்தன் ரீல்ஸ் எடுத்துருக்கான், பின்னணிப் பாட்டு வேற. லைக்கு எக்கச்சக்கமாம். அவன அடுத்த தடவ மெயின் ரோட்டு விலக்குல வண்டிக்கு வழி காட்ட நிக்க வைக்கிறதா முடிவு, அங்க சிக்னலும் நல்லா கெடைக்கும்.

மார்ச் 23

யோசிச்சுப் பாத்ததுல ஒண்ணு மாத்திக்கிறேன். ஆரம்பத்துல யாரு வந்தாலும் சேத்துக்கலாம்ங்கிறது என் நெனப்பு. இப்ப இல்ல. சட்டையப் புடிச்சு இழுக்க வேண்டி வந்த பையனுக்கு வயசு பதினேழு. தீகிட்ட பதினெட்டு முடிஞ்சவங்க மட்டும், அதுவும் ரெண்டு பேரா ஜோடி, ஜோடிய விட்டு நகரக் கூடாது. சின்னப் பசங்களுக்கு போன், வழி காட்டுறது, தண்ணி குடுக்கிறது, ஆடு மாடு அவுத்து விடுறது. கட்டிப் போட்ட ஆடு தான் மொதல்ல சாகுது, கவுறு அறுத்து விட்டா அதுங்களுக்குப் போக்கிடம் தெரியும்.

விடிலி அக்காமாரையும் குழுவுல சேக்கணும்னேன். "நாங்க எதுக்குய்யா உங்க குரூப்புல, நீங்க எங்க குரூப்புல சேருங்க"ன்னுருச்சு ஒண்ணு. ஞாயம் தான்.

மார்ச் 26

எப்படிப் பத்துச்சுன்னு விசாரணை ஓடுது. ஒரு கூட்டம் கரிமூட்டக்காரங்க மேல போடுது. நான் ஒத்துக்க மாட்டேன். மூட்டம் போடுறவன் நெருப்போட தூங்குறவன். கருவை வெறக அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணு பூசி, உள்ள காத்து போகாம நாள் கணக்குல வேக வைக்கணும், மேல ஒரு வெடிப்பு விழுந்து காத்து போயிட்டா கரி சாம்பலாயிரும், அவன் காசு தான் எரியும். அதனால ரவைக்கு எந்திரிச்சு எந்திரிச்சு பூசுவான். நம்ம எல்லாரையும் விட நெருப்ப அடக்கத் தெரிஞ்ச ஆளு. நான் போயி அவங்களக் குழுவுக்குக் கூப்பிட்டேன், ரெண்டு பேரு வர்றேன்னுருக்காங்க.

எனக்கு சந்தேகம் ரோட்டோரம் குப்பைய எரிச்சது. ஆட்டுக்கு புதுப்புல்லு வரட்டும்னு கொளுத்துறதும் உண்டு, ஆனா இன்னிக்கு ஆடு மேய்க்கிற ஆள நோக்கி வெரல் நீட்டுனா ஊரு ரெண்டாயிரும், எங்கிட்ட சாட்சியும் இல்ல.

கருவைய மொத்தமா கொளுத்திட்டா என்னன்னு கேட்டவருக்கு, அது எரிஞ்சா சாகாது, அடிக்கட்டையிலருந்து முன்ன விட அடர்த்தியா வெடிச்சு வரும். வேரோட புடுங்கணும். 2017ல மதுரை ஹைகோர்ட்டு கிளை அத அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஜேசிபி வந்து அள்ளுன இடமெல்லாம் இப்ப போயி பாருங்க, வேர விட்டுட்டுப் போனதுல மறுபடி காடு. அதோட அத நம்பி கரி சுடுற குடும்பமும் இந்த மாவட்டத்துல கொள்ளையா இருக்கு. முள்ளத் தோப்பு ஓரத்துலருந்து தள்ளி வச்சாப் போதும், எனக்கு.

ஏப்ரல் 14

தமிழ்ப்புத்தாண்டு வாழ்த்து. இன்னிக்கு தீயணைப்புக்காரங்களுக்கும் முக்கியமான நாளு. 1944ல இதே தேதி பம்பாய் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டிகின்னு ஒரு கப்பல், பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒண்ணா ஏத்திட்டு வந்தது, தீப்பிடிச்சு வெடிச்சதுல அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் செத்தாங்க. அதுக்காகத் தான் 14லருந்து 20 வரைக்கும் தீயணைப்பு வாரம். ஸ்கூல்ல எண்ணெய்ச் சட்டியில தீய வச்சு ஈரச்சாக்கு போட்டு அணைச்சுக் காட்டுவாங்களே, அது.

நிலையத்துலருந்து வந்துருந்தாங்க. நாங்க செஞ்சதக் கேட்டுட்டு ஒருத்தரு பாராட்டுனாரு, இன்னொருத்தரு, வயசானவரு, பாராட்டவே இல்ல. "மேக்க நின்ன பசங்களுக்கு பின்னாடி என்ன இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு. கருவை முள்ளுன்னோம். தப்பிக்க ஒரு பக்கம் மட்டும் இருக்குற எடத்துல ஆள நிறுத்தக் கூடாதுன்னாரு. அது எனக்கு ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. கரி மேல வந்ததால பொழைச்சோம், கரி ஆகாம பாதி எரிஞ்ச எடமா இருந்துருந்தா? பதில் சொல்ல வேண்டியது யாருன்னு கேட்டீங்கல்ல, நாந்தான். அதனால இனிமே போறதுக்கு முன்னாடி பின்வழி ரெண்டு பாத்துட்டுத் தான் ஆளு நிக்கும். வழி இல்லைன்னா அந்த ஓரம் எரியட்டும், மரம் தானே.

"மரம் தானே"ன்னு எழுதிட்டு கை வரல. இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 17

தீயணைக்க வந்தா பணம் கேப்பாங்களான்னு திரும்பத் திரும்ப கேக்குறீங்க. கேக்க மாட்டாங்க. 101, இல்ல 112. சின்னத் தீயா இருந்தாலும் அடிங்க, அணைஞ்சிருச்சுன்னா அணைஞ்சிருச்சுன்னு திருப்பிச் சொல்லிக்கலாம்.

ஏப்ரல் 20

காவோலை கழிக்கிறது ஆரம்பிச்சாச்சு. வெளியூர்ல இருக்குற தோப்புக்காரங்க சில பேரு போன்லயே சரின்னுட்டாங்க, ஒருத்தரு மட்டும் ஏறிக் கழிக்கிற சாக்குல நொங்க வெட்டிருவீங்கன்னாரு. வெட்டுவோம், ஆமா, பசங்களுக்கு கூலி வேற என்ன. ஏற ரெண்டு பேரு தான் இருக்காங்க, மத்தவங்க கீழருந்து ஆள் உசரம் வரைக்கும் தொரட்டியால அறுத்தாலே போதும், தரைத்தீக்கு கையெட்டாம போயிரும். மட்டையோட கருக்கு கையக் கிழிக்கும், பழைய கையுறை இருந்தா கொண்டு வாங்க.

அறுத்துப் போட்டத அங்கயே குமிச்சு வச்சா அது அடுத்த தீக்கு நாமளே அடுக்கி வச்ச வெறகு. சூளைக்காரரு ஒருத்தரு எடுத்துக்கிறேங்கிறாரு, வண்டி வாடகை நீங்க குடுங்கங்கிறாரு, நாங்க ஓலை ஓசியில தர்றோம், வாடகையும் நாங்களா? யாருட்டயாச்சும் டிரெய்லரோட டிராக்டர் ஞாயித்துக்கிழமை சும்மா நின்னா சொல்லுங்க, டீசல் போட்டுக்கிறோம்.